கொட்டகைக்கு மூக்கடைப்பு

திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு கொட்டகை உண்டு. உள்ளே மண்வெட்டி, தேங்காய் நார், நாலு தொட்டி. தோட்டம் எங்கே என்று கேட்காதீர்கள், கொட்டகைதான் முதலில் வந்தது.

சுவர் நேராக முடிகிறது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அலை அலையாகப் போகிறது. ஒவ்வொரு அலைக்கும் அடியில் இரண்டு விரல் சந்து. அது வழியாகக் கடல்காற்று வரும், குளவி வரும், பக்கிங்ஹாம் கால்வாய்க் கொசு குடும்பத்தோடு வரும். கூடவே கரித்தூள். நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது, ராயபுரம் மூச்சு விட்டது. கரி எண்ணூருக்கு வீடு மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

"கலவை வெச்சு அடிச்சுடலாம் சார், ஒரு கொசு வராது" என்றார் கொத்தனார். ஷீட்டோ வெயிலில் நீளும், காற்றில் ஆடும். மூன்றே மாதத்தில் கலவை பாளம் பாளமாக உதிர்ந்தது. ஃபோம் பீச்சினேன், எறும்பு அதில் குடக்கூலி இல்லாமல் குடியேறியது. கடைசியில் நைலான் வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சட்டம் அடித்தேன். 2016 வர்தா புயலுக்குப் பின் இங்கே ஷீட் மேல் செங்கல்லும் பழைய டயரும் ஏற்றுவது வழக்கம், அதையும் செய்தாயிற்று.

இப்போது காற்று இல்லை, குளவி இல்லை. கொசு மட்டும் உண்டு. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில், தேங்கிய நல்ல தண்ணீரில், உள்ளேயே பிறந்தவை. பாவம், வெளியே போக வழியில்லை.