வாசலிலேயே வடிகட்டும் வள்ளன்மை

கடல்நீரை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் எங்கள் நெம்மேலியில் இருப்பதால், வடிகட்டும் கலையில் எம்மை விஞ்ச ஆளில்லை என்று செருக்கியிருந்தோம். அச்செருக்கை அடக்கியருளிய ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை வாழ்க!

நேர்காணல் என்றால் படிப்பை விசாரிப்பது, கைத்திறன் பார்ப்பது என்று உலகம் மயங்கிக் கிடந்தது. வாட்ஸ்அப் விளம்பரம் கண்டு 2023 மார்ச்சில் வந்த அக்காள் தங்கையிடம், வாயில் காத்த பெருந்தகை ஒரே வினாவில் அம்மயக்கத்தைத் தீர்த்தார்: “கல்யாணம் ஆயிடுச்சா?” ஆமென்றார்கள், வந்த வழியே திரும்பினார்கள். உள்ளே ஒரு நாற்காலிகூடத் தேயவில்லை.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் இந்த மகிமையை உலகறியச் செய்தது. மணமானவளுக்கு வீட்டுப் பொறுப்பு உண்டாம், பிள்ளை உண்டாகுமாம், லீவு போடுவாளாம். தாலியும் மெட்டியும் உலோகமாதலால் உற்பத்திக்கு இடைஞ்சலாம். கால்விரலில் கிடக்கும் ஒரு சுற்று வெள்ளியில் பேராபத்தைக் காணும் ஞானதிருஷ்டி யாருக்கு வாய்க்கும்! கோவளம், தாம்பரம் என்று பஸ் மாறிப் போகும் எங்களூர் மருமகள்களே, சான்றிதழ் ஃபைலை எதற்குச் சுமக்கிறீர்கள்? விரலைக் காட்டினால் போதுமே. மாப்பிள்ளைமார் மெட்டி அணியாத பாக்கியவான்கள்.

கல்நெஞ்சரோ என்றால் அதுவுமில்லை. உற்பத்தி பெருகி ஆளுக்குத் தட்டுப்பாடு வரும் காலத்தில் விதி தளருமாம். அப்போது அதே தாலி உலோகத் தன்மையை இழந்துவிடும். சித்தர்களுக்கும் கைவராத ரசவாதம்! ஆளெடுக்கும் ஏஜென்சிக்காரர்களில் சிலர் மணத்தை மறைக்கவும் உதவினார்களாம். வேலைக்குச் சேருமுன்பே பொய் பழக்கும் இப்பயிற்சிக்குக் கட்டணமும் கேட்டிருக்கலாம்.

வேலைக்கெடுப்பதில் ஆண், பெண் பேதம் கூடாதென்றது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். மணமானவளா என்று கேட்கக் கூடாதெனச் சொல்லவில்லை. அந்த இடுக்கில் எத்தனை பெரிய வாசல் கட்டலாம் என்று அறிந்தோம். பாகுபாடே இல்லையென்று ஆலை அடித்துச் சொன்னது. புதிதாய்ச் சேர்ந்தோரில் நாலில் ஒருவர் மணமான பெண் என்று அரசுக்குக் கணக்கும் சமர்ப்பித்தது.

இந்த மகிமையின் சிகரம் 2024 நவம்பரில் வந்த செய்தி: வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், மணநிலை குறிக்கலாகாது, ஆலையின் பெயரும் கூடாதென்று ஏஜெண்டுகளுக்குக் கட்டளையாம். இத்தனை புகழுக்குரிய திருப்பணியில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளக் கூசும் தன்னடக்கம், கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து அதில் பெயரெழுதும் எங்களூர்ப் பெரியவர்களுக்கு வராது.