காகிதப்பூவின் திணைத் தகுதி: ஒரு மறுவாசிப்புக்கான முன்னுரையின் முன்வரைவு

காகிதப்பூ யாது என்னும் வினாவுக்கு அறிஞர் இதுகாறும் மூன்று விடைகள் தந்துள்ளனர். இரண்டு தவறு. மூன்றாவதன் பிரதி நூலகத்தில் கிடைக்கவில்லை.

உருவம்: நாம் வாய்பிளந்து பார்க்கும் கருஞ்சிவப்பெல்லாம் பூவல்ல, பூவடிச் செதில். அதன் நடுநரம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வெண்மையான சிறுகுழல்தான் பூ. ‘என்ன அழகு’ என்று யாராவது சொன்னதும் இதை எடுத்துச் சொல்ல ஊருக்கு ஒரு பேராசிரியர் உண்டு. அவரைப் பற்றிய ஆய்வு தனியே நடக்கிறது.

மணம்: இல்லை.

சூடும் மரபு: அதுவும் இல்லை. காரணம் முள் என்பர் ஒரு சாரார். மல்லிகை என்பர் மறுசாரார் (பூக்காரம்மா, வாய்மொழி, மார்கழி).

வரலாறு: 1767-இல் ரியோ டி ஜெனீரோவில் இதைச் சேகரித்த பயணத்தில் பிலிபேர் கொமர்சோன் தாவரவியலாளர், ஆண்வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே அவருடைய உதவியாளர். செடிக்கு வாய்த்ததோ பயணத் தலைவர் பூகன்வில்லின் பெயர். ஆய்வு மாணவர் எழுதும் கட்டுரையில் நெறியாளர் பெயர் முன்னால் நிற்கும் நம் வழக்கத்துக்கு இது தொன்மையான சான்று.

இனித் திணை. தண்ணீர் ஊற்றிச் சீராட்டினால் இச்செடி இலையாகத் தழைக்கும். காயப்போட்டால்தான் பூத்துக் கொட்டும். எனவே பாலை. நிலம், நாற்கரச் சாலையின் நடுத்திட்டு. பொழுது, நண்பகல். கருப்பொருள், சுங்கச்சாவடி. உரிப்பொருள் பிரிவு என்பதையும் ஐயமற நிறுவலாம்: போகும் வண்டியையும் வரும் வண்டியையும் பிரிப்பதே அதன் தொழில் (லாரி ஓட்டுநர் ஒருவர், தேநீர் ஆறுமுன் கூறியது; கிளீனர் மறுத்தார், ஆனால் வடைக்குப் பின் உடன்பட்டார்).

அப்படியானால் சங்கப் பாடலில் இது ஏன் இல்லை? ‘தென்னமெரிக்கச் செடி ஐயா’ என்பது மேலோட்டமான பார்வை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்கள் 99. இவ்வளவு தூரம் வந்த புலவர் 99-இல் நிறுத்துவாரா? நூறாவது பூ இருந்த ஏட்டைக் கறையான் தின்றிருக்க வேண்டும். மேலும் காண்க: ழூசியே இச்செடியின் பேரினப் பெயரை அச்சில் வெளியிட்டது 1789-இல். உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சிட்டது 1889-இல். இடைவெளி 100. விடுபட்ட பூ எத்தனையாவது? நூறாவது. இதற்குமேல் சான்று கேட்பவர் தமிழ்ப்பகைவர் (மாடிவீட்டு அத்தை, துணி உலர்த்தியபடி அருளியது, இரண்டாம் கொடி, போர்வைக்கும் தலையணை உறைக்கும் இடையே, அவர் கணவரின் இருமல் மாற்றுக் கருத்தாகக் கொள்ளப்படவில்லை).

இம்முடிவு மூன்று கருத்தரங்குகளில் வாசிக்கத் தக்கது. பதவி உயர்வுப் புள்ளியும் உண்டு. கறையான் தரப்பிலிருந்து இதுவரை மறுப்பு வரவில்லை.