ஜோகூர் நீரிணையில் ஒரு கிலோமீட்டரின் மெய்யான நீளம்: ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் 1 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1924-ல் திறந்ததிலிருந்து அது நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அதைக் கடக்கும் நேரமோ ஐந்து நிமிடத்தில் தொடங்கி, பண்டிகைக் காலத்தில் மூன்று மணி நேரம் வரை போகிறது. இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டுவதால் அவற்றின்மேல் பழிபோடவும் வழியில்லை.

1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடிவைத்துப் பிளந்ததும், சில நாளில் ஜப்பானியர் படகேறிக் கடந்ததும் வரலாறு. குடிநுழைவுச் சோதனை இன்றி நடந்த பயணம் என்பதால் அது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

2. பூர்வபட்சம்

நெரிசலுக்குக் காரணம் பாதை போதாமையே என்பர் ஒரு சாரார். அற்றன்று. 1998-ல் துவாஸில் இரண்டாம் பாலம் வந்தது. முதல் பாலத்தின் வரிசை கலையவில்லை.

வாகனத்தின் வேகமே காரணம் என்பர் வேறு சிலர். அதுவும் பொருந்தாது. 170-ஆம் எண் பேருந்தில் போகிறவர் உட்லண்ட்ஸில் மூட்டை முடிச்சோடு இறங்குகிறார். சோதனை முடித்து, படியிறங்கி, அடுத்து வரும் 170-ஐப் பிடிக்கிறார். பாலம் கடந்ததும் மறுபடி இறங்கி, மறுபடி வரிசையில் நிற்கிறார். இதில் சக்கரம் உருண்ட நேரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைப் படித்த நேரம்.

3. சித்தாந்தம்

இங்கே தூரம் என்பது விலை வித்தியாசமே. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே விடியுமுன் சம்பளம் தெற்கே இழுக்க, ஜோகூர்க்காரர்களின் மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நிறைக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை மளிகையும் முடிதிருத்தமும் வடக்கே இழுக்க, சிங்கப்பூர்க் கார்கள் நிறைக்கின்றன.

சான்று ஒன்று: இரு கரைக்கும் இடையே ஓடும் தெப்ராவ் ரயிலுக்கு ஐந்து நிமிடப் பயணம். உட்லண்ட்ஸில் ஏறினால் கட்டணம் 5 வெள்ளி. ஜோகூர் பாருவில் ஏறினால் 5 ரிங்கிட். தண்டவாளம் ஒன்றே ஆயினும் போகும் வழி வரும் வழியைப் போல மூன்று மடங்கு நீளம் என்பது பெற்றாம்.

சான்று இரண்டு: மலிவான பெட்ரோலுக்காகக் கிளம்பும் சிங்கப்பூர்க் கார், எல்லைக்கு வருமுன்பே முக்கால் தொட்டி நிரப்பியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விலை வித்தியாசத்துக்கு இழுப்பு விசை உண்டென்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்ட இடம் இது.

4. ஐயமும் விடையும்

இதே இரு கரைகளை இணைக்கவென்று திட்டமிடப்பட்ட, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றக்கூடிய ஆர்டிஎஸ் ரயில் இக்கொள்கையைப் பொய்யாக்காதோ எனின், ஆக்காது. ஐந்து நிமிடத்தில் போகலாம் என்று தெரிந்தால், இதுவரை முடிவெட்டிக்கொள்ள அக்கரை போகாதவரும் போவார்.

5. பரிந்துரை

பயண நேரத்தைக் குறைக்க விரும்புவோர் பாலங்களை விட்டுவிட்டு விலைகளைச் சமன்செய்க. சமன்செய்த மறுநாளே பாலம் காலியாகிவிடும். எவரும் ஐந்து நிமிடத்தில் கடக்கலாம். கடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்றால், அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.