விதை நீங்கிய பின்னும் வினை நீங்காமை: ஓர் ஆய்வு

கருத்தடை ஆபரேஷன் முடிந்து சில வாரமே ஆன ஓர் இளம் ஆண் நாய், விருந்தினர் காபி குடிக்கும் வேளை பார்த்துக் கூடத்துக்கு வருகிறது. சோபாத் தலையணையை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்து இடுப்பை ஆட்டத் தொடங்குகிறது. அப்போது நாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைக் கால்நடை மருத்துவம் ஓரளவு சொல்லிவிட்டது. கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் போதிய அளவு ஆராயப்படாமல் கிடக்கிறது.

ஆய்வுப் பொருள்: புரூனோ, லாப்ரடார், பதினான்கு மாதம். ஆய்வுக் களம்: மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆய்வுக் கருவிகள்: மேற்படித் தலையணை, ஞாயிறுதோறும் வந்துபோகும் பெரியப்பாவின் வலது கால்.

முதற்கண், இது எந்தத் திணை? தலையணை எதிர்மொழி ஏதும் சொல்வதில்லை. ஆகவே அது கைக்கிளை. பெரியப்பாவின் காலுக்கு உரியவர் 'சீ, போடா நாயே' என்று எதிர்மொழி தருகிறார். வயதுப் பொருத்தமும் இல்லை. ஆகவே அது பெருந்திணை. நாய்க்கு ஏது திணை எனின், நாய்க்குட்டிக்குக் 'குருளை' என்று பெயர் சொல்லத் தொல்காப்பிய மரபியல் இடம் ஒதுக்கியிருக்கும்போது நாம் மட்டும் ஏன் கஞ்சத்தனம் காட்ட வேண்டும்? ஆயினும் இந்தப் பாகுபாடு நிற்காது. திணை வகுக்க முதலில் காதல் வேண்டும். புரூனோவிடம் அது இல்லை.

அற்றேல் அவனிடம் இருப்பதுதான் என்ன? பெரும்பாலும் பரபரப்பு. காலிங் பெல் அடிக்கிறது, புதுச் செருப்பு வாசனை வருகிறது, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உடம்பில் ஏறிய வேகத்துக்கு ஒரு வடிகால் தேவைப்படுகிறது. சில நாய் வாலைத் துரத்தும், சில நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும், சில நாய் ஏறும். பிறந்து சில வாரமே ஆன குட்டிகள்கூட, ஆணும் பெண்ணும், விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பருவத்துக்கும் முந்தைய இந்தப் பழக்கத்தைப் பருவத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமன்று.

'ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, அப்புறமும் ஏன்?' என்பது பெரியப்பாவின் மறுப்பு. அவர் குரலில், கட்டிய பணத்துக்கு ரசீது கேட்பவரின் தோரணை இருந்தது. விதையை எடுத்தால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஓரிரு நாளில் சரிந்துவிடும். ஆனால் அந்தச் சுரப்பு பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே மூளையில் தன் வேலையைப் பாதி முடித்திருக்கிறது; மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்கிறது. பழக்கம் தேய வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். 1997இல் டேவிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்சன், எக்ஸ்டீன், ஹார்ட் ஆகியோர், இரண்டு வயதுக்கு மேல் கருத்தடை செய்யப்பட்ட 57 ஆண் நாய்களைப் பற்றி எழுதினார்கள். ஏறும் வழக்கம் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நாய்களில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. ஏறத்தாழ ஒழிந்தே போனது என்னும்படி குறைந்தவை அதைவிடக் குறைவே. நாயின் வயதோ, பழக்கம் எத்தனை ஆண்டுப் பழசு என்பதோ முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. கத்தி உதவும், உத்தரவாதம் தராது. இதைப் பெரியப்பாவிடம் விளக்கியபோது அவர் காலை மடித்துச் சோபாமேல் வைத்துக்கொண்டார்.

இனி கூடம். செயல் தொடங்கியதும் பேச்சு நிற்கிறது. விருந்தினர் சுவரிலுள்ள தினசரிக் காலண்டரை, குறிப்பாக அதில் ராகுகாலம் அச்சிட்ட பகுதியை, ஆழ்ந்து வாசிக்கிறார். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். அம்மா, 'இன்னும் கொஞ்சம் காபி?' என்கிறார், டம்ளர் இன்னும் நிறைந்தே இருக்கிறது. பாட்டி மட்டும், 'டேய் கடங்காரா, விடுடா அதை!' என்று பூஜை அறையிலிருந்து குரல் கொடுக்கிறார். அண்ணன் சிரிக்கிறான். ஆக மொத்தம் ஐந்து பேர், ஒரு நாயின் பொருட்டு, ஒரே கணத்தில் செயல்படுகிறார்கள். நாயின் பார்வையில் இதைவிட வெற்றிகரமான நிகழ்ச்சி கிடையாது. திட்டும் அதற்குக் கவனம்தான், சிரிப்பும் கவனம்தான். அடுத்த முறை அது தலையணையைத் தேடி நேரே வருவதில் வியப்பென்ன?

'வீட்டுக்கு நான்தான் தலைவன்னு காட்டுது' என்பது எங்கள் குடியிருப்பில் செல்வாக்குப் பெற்ற மற்றொரு கொள்கை. பஞ்சுத் தலையணையை அடக்கி ஆள்வதால் ஒரு நாய்க்குக் கிடைக்கும் அதிகாரம் எதுவென்று அக்கொள்கையாளர் விளக்கும்வரை இதை ஒத்திவைப்போம். நாயைக் குப்புறத் தள்ளி அமுக்கினால் சரியாகிவிடும் என்று அவர் தரும் வைத்தியத்தை ஒத்திவைக்கக்கூட வேண்டாம், விட்டே விடலாம். பயந்த நாய் கடிக்கும்.

பலித்த வழி மிகவும் சாதாரணமானது. ஏறுவதற்கு முன் ஒரு கணம் உண்டு: வாய் திறந்து மூச்சு வாங்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், காலைச் சுற்றி வரும். அந்தக் கணத்தில் அழைத்து, உட்காரச் சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு துண்டு அவித்த கோழி தர வேண்டும். (தமிழ் வீட்டு நாய்களுக்கு ஆணை ஆங்கிலத்திலும் வசவு தமிழிலும் வழங்கப்படுவது தனி ஆய்வுக்குரியது. பாட்டியும் 'சிட்' என்றே சொல்கிறார்.) கணம் தவறி ஏறிவிட்டால், சத்தமில்லாமல் கழுத்துப் பட்டையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு நடத்திச் செல்வது. இரண்டு நிமிடம் போதும். தலையணை அலமாரிக்குள் போகட்டும். விருந்தினர் வருமுன் நன்றாக ஒரு நடை.

தையல் ஆறும் பத்துப் பதினான்கு நாளில் ஏறுவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். காயம் வீங்கும், தையல் பிரியலாம். ஆபரேஷனுக்குப் பின் ஒரு மாத காலம் கருத்தடை ஆகாத பெண் நாய்களிடமிருந்தும் தள்ளி வைக்கச் சொல்வார் டாக்டர். குழாய்களில் பழைய இருப்பு கொஞ்சம் மீந்திருக்கும். திடீரென்று ஏறுவது மிகுந்து, ஓயாமல் அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டும் இருந்தால், அது சிறுநீர்த் தொற்றாகவோ தோல் அரிப்பாகவோ இருக்கலாம். அங்கே கோழித்துண்டு வேலை செய்யாது.

ஆய்வு முடிவை எழுதும் தறுவாயில் புதிய சான்று ஒன்று கிடைத்தது. மூன்றாம் மாடி ஜூலி, நான்கு வயது, கருப்பை எடுத்த பெண் நாய், மொட்டை மாடியில் புரூனோவின் முதுகில் ஏறி அதே வேலையைச் செய்தது. புரூனோ திருதிருவென விழித்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜூலி வீட்டு மாமி, 'பாவம் குழந்தை, விளையாடுறா' என்றார். போன வாரம் இதே மாமி, இதே செயலுக்காக, புரூனோவை லிப்டில் ஏற்றக் கூடாதென்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.