பைனாகுலர் மாட்டுன பேராண்டிக்கு

ஏப்பா பேராண்டி, அந்தப் பையக் கீழ வையி. மொதல்ல ஒரு கட்டஞ்சாயா குடி. கம்பமெட்டு ஏறி உடும்பஞ்சோலை வந்து சேர்ந்ததுக்கே மூஞ்சி வெளிறிப் போச்சு. இன்னும் பூப்பாறை தாண்டி மூணாறு போகணும். அங்கதான வேலை? ஆறு மாசம் வரையாட்டப் பாத்து எழுதணுமாமே? சந்தோசம்.

ஆனா இது என்ன உடுப்பு? கால்சட்டையில எட்டுப் பை. சட்டை முச்சூடும் இலை இலையா பெயிண்டு. ஆட்டுக் கண்ணுல படாம இருக்கவா? நல்ல கூத்து! இரவிகுளத்து ராஜமலையில டூரிஸ்ட் பஸ்ஸ விட்டு எறங்குனா வரையாடு ரோட்டோரம் நின்னு உன்னைத்தான் வேடிக்க பாக்கும். 1979ல கிளிஃப் ரைஸ்னு ஒரு அமெரிக்கக்காரரு இதே ஆட்டப் படிக்கணும்னு வந்து, ரெண்டு வருசம் அதுக பின்னாலயே திரிஞ்சாரு. உப்பக் காட்டிப் பழக்குனாராம். அவரு உப்பு கொண்டாந்தாரு, நீ பெயிண்டு கொண்டாந்திருக்க. ஆட்டுக்கு எது புடிக்கும்? நீயே சொல்லு.

இந்த வேலைக்கு மனு போடயில, "உனக்கு ஏன் காட்டு மேல இம்புட்டு ஆர்வம்"னு ரெண்டு பக்கம் எழுதச் சொன்னாங்களாமே? நீயும் எழுதுனியாமே? வெள்ளன எந்திரிச்சு மெட்டுப் பக்கம் போயி நின்னு பாரு. போடி, தேவாரம், கம்பத்துல இருந்து சோத்துத் தூக்கோட பொம்பளையாளுக ஜீப்பு ஜீப்பா மலையேறி வரும். ஏலக்காய் எடுப்புக்கு. அட்டை கடிக்கும், மழ ஊத்தும், சமயத்துல ஆனையும் நிக்கும். சாயந்தரம் எறங்கிருவாக, மறுநா மறுபடி ஏறுவாக. ஒருத்தராச்சும் அவுககிட்ட "உனக்கு ஏன் ஏலக்காய் மேல இம்புட்டு ஆர்வம்"னு கேட்டிருப்பானா? கேட்டா நல்லா வாங்கிக் கட்டிக்கிருவான். கூலி எம்புட்டு, ஜீப்பு எத்தன மணிக்கு, அம்புட்டுத்தான் பேச்சு.

சரி, உன் வேலை என்னன்னு நான் சொல்றேன், கேட்டுக்க. நடக்கணும். ஒக்காரணும். மூடுபனி வெலகுமா வெலகுமான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். வெலகுன அஞ்சு நிமிசத்துல எண்ணணும். அதே மேட்ட திரும்பத் திரும்ப எண்ணணும். ஏன்னா காலையில பனிக்குள்ள நின்ன ஆடு மத்தியானம்தான் தலையக் காட்டும். தொண்ணூத்தேழு சதுர கிலோமீட்டரு இரவிகுளம். 1978ல தேசியப் பூங்காவாக்குனாங்க. ஆனமுடியே அதுக்குள்ளதான் கெடக்கு, 2,695 மீட்டரு ஒசரம். குட்டி போடுற காலம்னு பிப்ரவரி, மார்ச்சுல டூரிஸ்டுக்குக் கேட்டப் பூட்டிருவாங்க. ஆட்டுக்குப் பேறுகால லீவு இருக்கு. உனக்கு லீவு உண்டான்னு கேட்டியா?

2025 ஏப்ரல்ல ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்துச்சு. கேரளாவும் தமிழ்நாடும் சேர்ந்து 24ஆம் தேதி தொடங்கி நாலு நாளு. ஏன் ஒன்னாச் சேர்ந்து எண்ணுனாங்க தெரியுமா? ஆட்டுக்கு எல்லை தெரியாது. தனித்தனியா எண்ணுனா ஒரே ஆடு ரெண்டு சர்க்கார் ரேசன் கார்டுலயும் பேரச் சேத்துக்கிரும். நம்மாளுகள்லயும் அப்பிடிச் சில பேரு உண்டு, அது வேற கத. மொத்தம் 2,668 ஆடு. கேரளாவுல 1,365, தமிழ்நாட்டுல 1,303. இரவிகுளத்துல மட்டும் 841. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, ஆட்டையும் எண்ணித்தான் காப்பாத்த முடியும். இத நான் நக்கல் பண்ணல.

நக்கல் உன் நெனப்பு மேலதான். நீயா ஆட்டக் கண்டுபிடிக்கப் போற? அந்தக் காலத்துத் தொரைமாரு 1928ல ஒரு வேட்டைச் சங்கம் வெச்சாங்க. சுடுறதுக்கு ஆடு மிஞ்சணும்ல, அதுக்குத்தான் காவல்! காவலுக்கு யாரப் போட்டாங்க? இந்த மலைக்காட்டுப் பழங்குடி முதுவான்மாரத்தான். தொரை போயிட்டான், துப்பாக்கி போயிருச்சு, முதுவான் இன்னும் காட்டுலதான் இருக்கான். நீ கண்ணாடியத் தொடச்சு மாட்டுறதுக்குள்ள "அந்தா அந்தப் பாறையில கெடா ஒன்னு, பெட்ட மூணு, குட்டி ஒன்னு"ன்னு சொல்லி முடிச்சிருவான். நீ நோட்டுல எழுதுவ. அறிக்கையில உன் பேரு வரும். அவன் பேரு வருமா? எழுதப் போறவன் நீதான, நீயே பதில் சொல்லு.

தேக்கடியில போயிப் பாரு. காட்டுல பட்டை உரிச்சுக் கடத்திக்கிட்டுத் திரிஞ்ச கூட்டத்தையே கூப்புட்டு, 1990கள்ல காவலுக்கும் வழிகாட்டவும் வெச்சாங்க. எந்த மரம் எங்க நிக்கும், யாரு எந்தப் பாதையில வருவான், அம்புட்டும் அவுகளுக்கு அத்துப்படி. அவுகள்லாம் எந்தக் காலேசுல படிச்சாக?

வீட்ட விட்டுத் தூரமாப் போறோமேன்னு கண்ணக் கசக்காத. நம்ம தாலுகாவுல இருந்து உன்னையவிடத் தூரமாப் போனவன் ஒருத்தன் இருக்கான். அரிக்கொம்பன்னு ஒரு ஆனை. சின்னக்கானல்ல ரேசன் கட அரிசிய ருசி கண்டவன். 2023 ஏப்ரல்ல ஊசி போட்டு லாரியில ஏத்தி, கழுத்துல காலர மாட்டிப் பெரியாறு காட்டுல விட்டாங்க. மே மாசம் கம்பத்துத் தெருவுல வந்து நின்னான். ஊரே கதவச் சாத்துச்சு. ஜூன்ல தமிழ்நாட்டுக்காரங்க மறுபடி புடிச்சு முண்டந்துறைப் பக்கம் கோதையாத்துக்கு மேல கொண்டு போயி விட்டுட்டாங்க. அவன் ஆர்வம் இருக்குன்னா எழுதிக் குடுத்தான்? நீ மனு போட்டுப் போற. பொலம்ப உனக்கு என்ன ரைட்டு இருக்கு?

போயிட்டு வா. அட்டைக்குப் பொகையிலத் தூளும் உப்பும் எடுத்துக்க. அந்தப் பெயிண்டுச் சட்டைய இங்கயே போட்டுட்டுப் போ, சோளக்கொல்ல பொம்மைக்கு ஆகும். வாச்சரு நில்லுன்னா நில்லு, ஓடுன்னா ஓடு, ஏன்னு கேக்குறத கூடாரத்துக்கு வந்து வெச்சுக்க. இன்னொன்னு. சம்பளம் எம்புட்டு, சோறு யாரு பொறுப்பு, ஆனை அடிச்சா ஆசுபத்திரிச் செலவு யாரு குடுப்பா? இதக் கேட்டு எழுதி வாங்காம மல ஏறாத. கேக்க வெக்கமா இருந்தா உங்க அம்மாளப் போன் போட்டுக் கேக்கச் சொல்லு.