டிரான்ஸ்ஃபரில் இருக்கும் கைபேசி

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. போஸ்டிங், டிரான்ஸ்ஃபர், நீண்ட விடுப்பு எல்லாம் அங்கே குழந்தைகளுக்கும் அத்துப்படி. கூகுளின் கைபேசி வியாபாரம் யாருக்காவது புரியுமென்றால் அவர்களுக்குத்தான் புரியும்.

2010 ஜனவரியில் நெக்ஸஸ் ஒன் கைபேசி வந்தது. எங்கள் இணையக் கடையிலேயே வாங்குங்கள் என்றது கூகுள். சில மாதங்களில் கடைக்குப் பூட்டு. 2012-இல் சுமார் 1,250 கோடி டாலருக்கு மோட்டோரோலா கைபேசி நிறுவனத்தை வாங்கினார்கள். 2014-இல் சுமார் 291 கோடி டாலருக்கு லெனோவோவிடம் தள்ளினார்கள். காப்புரிமைகளில் பெரும்பகுதி மட்டும் கூகுளிடமே தங்கியது. மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுச் சீர்வரிசையை வைத்துக்கொண்ட கதை.

2016-இல் கூகுளின் பிக்ஸல் வந்தது, இந்தியாவில் ஆரம்ப விலை 57,000 ரூபாய்.

2019-இன் பிக்ஸல் 4 இந்தியாவுக்கே வரவில்லை. கையசைவை உணரும் ரேடார் அதிலிருந்தது. அது இயங்கும் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை. அலைவரிசை அனுமதி தரும் சஞ்சார் பவன் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆட்டோ தூரம்தான். ரேடார் இல்லாத பிக்ஸல் 5-ம் வரவில்லை, 6-ம் வரவில்லை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் கூகுளின் தலைமை நிர்வாகி என்பதும் உதவவில்லை. இடையில் 4ஏ, 6ஏ என்று தம்பிகள் மட்டும் வந்து தலைகாட்டினார்கள். 2022 அக்டோபரில் பிக்ஸல் 7 வந்து மறுபடி டியூட்டியில் சேர்ந்தது.

2025 மே மாதம் இந்தியாவில் தன் சொந்த இணையக் கடையைத் திறந்தது கூகுள். பதினைந்து ஆண்டு கழித்து, 2010-இன் அதே யோசனை.

லக்ஷ்மிபாய் நகருக்குப் பக்கத்திலுள்ள சரோஜினி நகர் நடைபாதையில் வியாபாரிகள் நகராட்சி வண்டியைக் கண்டால் துணி மூட்டையைச் சுருட்டுவார்கள். வண்டி போனதும் அதே இடத்தில் விரிப்பார்கள். அவர்களுக்கு அதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.