தகுதியில்லை

2009 ஜூலை 20. இரவுப் பணி. வார்டு அடங்கிய பிறகு டூட்டி அறைக் கணினியில் நாசாவின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலவில் மனிதன் கால்வைத்து அன்றோடு 40 ஆண்டுகள். விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி வேலை செய்த இருவருமே மருத்துவர்கள்: டேவிட் உல்ஃப், டாம் மார்ஷ்பர்ன்.

அன்று பகலில், ஒரு நிறுவனத்தின் உடற்தகுதிப் பரிசோதனைக்கு வந்த இளைஞனை நிராகரித்திருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை அதிகம். 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவன் எதுவும் கேட்காமல் ஃபைலை எடுத்துக்கொண்டு போனான். திரையில் தெரிந்தவர்களோ எத்தனையோ சல்லடைகளைத் தாண்டியவர்கள். மார்ஷ்பர்ன் 1994-ல் விண்வெளி வீரர்களைக் கவனிக்கும் மருத்துவராக நாசாவில் சேர்ந்து, 2004-ல் தானே வீரராகத் தேர்வானவர். குறையில்லாத உடம்பைப் பொறுக்கியெடுப்பதே விண்வெளி மருத்துவம் என்று அன்று நம்பினேன்.

மார்ஷ்பர்ன் விண்வெளிக்குப் போனது மூன்று முறை, மூன்று வாகனங்களில். 2009-ல் எண்டெவர் விண்ணோடம்; 2012-ல் ரஷ்யாவின் சோயுஸ்; 2021-ல் தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் டிராகன். அந்தக் கடைசிப் பயணத்தில், 61 வயதில், மறுபடியும் நிலையத்துக்கு வெளியே இறங்கி ஆன்டெனா மாற்றினார். நாசாவிலிருந்து ஓய்வுபெற்றதும் சியரா ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்தில் மருத்துவத் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது, எங்கள் தொழிலின் கேள்வியே மாறிவிட்டதை உணர்ந்தேன். 2021 செப்டம்பரில் ஹேலி ஆர்சனோ என்பவர் தனியார் விண்கலத்தில் மூன்று நாள் பூமியைச் சுற்றிவந்தார். சிறுவயதில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். காலுக்குள் உலோகத் தண்டு. அடுத்த மாதம் நடிகர் வில்லியம் ஷாட்னர் 90 வயதில் சில நிமிட விண்வெளிப் பயணம் போய்வந்தார். இன்னொரு பக்கம், சல்லடையில் தேறிய வீரர் ஒருவருக்கு நிலையத்திலேயே கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்தது. தரையிலிருந்த மருத்துவர்கள் சொல்லச் சொல்ல மருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். குறையில்லாத உடம்பு என்று எதுவும் இல்லை. 'இவர் போகலாமா?' என்று மட்டும் கேட்டுவந்த மருத்துவர், 'இவர் பத்திரமாகப் போய்வர என்னென்ன வேண்டும்?' என்றும் கேட்டாக வேண்டும்.

இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. தனியார் விண்கலத்தில் ஏறும் பயணிகளின் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசு விரிவான விதிகள் போடுவதை, 2004-ல் வந்த சட்டம் தள்ளிவைத்தது. அந்தக் கெடு திரும்பத் திரும்ப நீண்டுகொண்டே வருகிறது. ஆபத்தை அறிந்து பயணி கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே நிறுவனத்துக்குள் இருக்கும் மருத்துவரின் மனசாட்சிக்கு வேலை அதிகம். டிக்கெட் விற்பவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, தேவைப்படும் நாளில் 'இவரை ஏற்றாதீர்கள்' என்று அவரிடமே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, மேலே போய்வந்தவர்களும் அந்த நாற்காலியில் உட்காருவது நல்லது.

இன்றும் என் மேசைக்கு அதே படிவம் வருகிறது. சர்க்கரை இருந்தால் உடனே கையெழுத்திடுவதில்லை. என்ன வேலை, எந்த ஷிஃப்ட் என்று கேட்கிறேன். என்ன சிகிச்சையோடு அதைச் செய்ய முடியும் என்று நிறுவனத்துக்கு எழுதுகிறேன். சிலர் ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். 2009-ல் வந்த அந்த இளைஞனுக்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை.